மோரிஸ் மைனரில் ஹீட்டர் ஹோஸ் கசிவு: என் அனுபவம்

லண்டன் குளிரில் ஹீட்டர் இல்லாமல் மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் காரை ஓட்டுவது பெரும் கஷ்டம். என் வண்டியில் சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல்பகுதி) பின்பக்கம், எஞ்சினின் சூடான தண்ணீரை ஹீட்டருக்கு விடும் வால்வில், ஹோஸ் மாட்டும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. கிளிப்பை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.

பழைய ஹோஸை இழுக்காமல், நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்தேன். முரட்டுத்தனமாக இழுத்தால் ஹீட்டரின் மெல்லிய குழாயே பெயர்ந்துவிடும். உள்ளே வால்வுக் குழாய் முழுக்க வெள்ளைப் பொருக்கு. கசிவுக்கு அதுதான் காரணம். எமரித் தாளால் வழவழவென்று தேய்த்தேன்.

புது அரை அங்குல ஹோஸின் நுனியை வெந்நீரில் முக்கினால் சுலபமாக ஏறும். கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். கிளிப், குழாயின் நுனியில் வளையம்போல் புடைத்திருக்கும் மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும். அப்புறம் எஞ்சின் சூடாகி ஆறியதும் கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்கினேன். இப்போது சொட்டுக்கூட இல்லை.