தேடினால் கோப்பு கிடைக்கவில்லையா? பலூவைச் சரிசெய்யும் வழி

லினக்ஸில் கேடிஈ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கோப்புகளைத் தேடித் தருவது பலூ. 2014இல் நெப்போமுக் என்ற பழைய தேடல் நிரலின் இடத்துக்கு வந்த நிரல் இது. கோப்புகளின் பெயர்களையும் உள்ளே இருக்கும் சொற்களையும் முன்கூட்டியே படித்து ஓர் அட்டவணையில் சேர்த்து வைக்கும். நீங்கள் தேடும்போது அந்த அட்டவணையைத்தான் புரட்டிப் பார்க்கிறது. கணினி சற்றுத் திணறினாலே பலூவை அணைத்துவிடச் சொல்பவர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோளாறு எங்கே என்று பார்த்துவிட்டால், அணைக்கத் தேவையே வராது.

படி 1: நிலையைக் கேளுங்கள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறங்கள். பி, ஏ, எல், ஓ, ஓ, சி, டி, எல் என்ற ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து, பிளாஸ்மா 6 என்றால் அதனுடன் 6 என்ற எண்ணையும் ஒட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு ஸ்டேட்டஸ் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். பலூ ஓடுகிறதா, எத்தனை கோப்புகளைப் படித்திருக்கிறது, அட்டவணை எவ்வளவு பெரியது என எல்லாம் தெரியும். இதே கட்டளையின் முடிவில் ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், அந்தக் கோப்பு அட்டவணையில் ஏறியிருக்கிறதா என்றும் சொல்லும். தேடல் பழுது என்று முடிவுகட்டுமுன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

படி 2: அமைப்புகளைப் பாருங்கள்

சிஸ்டம் செட்டிங்ஸில் கோப்புத் தேடல் பகுதிக்குச் செல்லுங்கள். கோப்பின் உள்ளடக்கத்தையும் படிக்கும் தேர்வு அணைந்திருந்தால் பெயரை வைத்து மட்டுமே தேட முடியும். உங்கள் கோப்புறை, பலூ படிக்காமல் விட்டுவிடும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

படி 3: அட்டவணையில் இருந்தும் சொல் கிடைக்காவிட்டால்

இது பலூவின் குற்றமன்று. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதில் படிக்க எழுத்தே இல்லை. தமிழ்க் கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோடில் ‘விண்ணப்பம்’ என்று தேடினால் அது எப்படி அகப்படும்? அவற்றை யூனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். தமிழில் பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்தே ஆகவேண்டிய வேலை இது.

படி 4: கணினி திணறினால்

முதல் கட்டளையில் ஸ்டேட்டஸுக்குப் பதிலாக மானிட்டர் என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். பலூ எந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பது வரிவரியாக ஓடும். ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால், அந்தக் கோப்புறையை அமைப்புகளில் விலக்கிவிடுங்கள். காப்பு நகல்கள், மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் இருக்கும் கோப்புறைகளை முன்கூட்டியே விலக்கிவிடுவது நல்லது.

படி 5: கடைசி வழி

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகாவிட்டால், முதல் கட்டளையில் ஸ்டேட்டஸுக்குப் பதிலாக பர்ஜ் (பி, யு, ஆர், ஜி, ஈ) என்று கொடுங்கள். அட்டவணை அழிந்து புதிதாக உருவாகத் தொடங்கும். உங்கள் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் வராது. மடிக்கணினி என்றால் சார்ஜரை மாட்டி வையுங்கள்; பேட்டரியில் ஓடும்போது உள்ளடக்கத்தைப் படிக்கும் வேலையைப் பலூ நிறுத்தி வைத்துவிடும்.