கொடைக்கானலில் எந்தப் பகுதியில் தங்குவது?

கொடைக்கானல் தொடக்கத்திலிருந்தே உடல் தேறுவதற்கென்று உருவான ஊர். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். இன்றும் ஓய்வை நாடியே பெரும்பாலோர் வருகிறார்கள். ஆனால் விடுதியின் படங்களைப் பார்த்து அறை பிடித்துவிட்டு, அது ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மேலே வந்து சேர்ந்த பிறகே தெரிந்துகொள்கிறவர்கள் அவர்களில் அதிகம். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் என்று தெரிகிற தூரம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஊர் நுழைவில் உள்ள மூஞ்சிக்கல் பகுதியில் நிற்கும் வண்டி வரிசையில் ஒரு மணி நேரத்தையும் தின்றுவிடும். ஆகையால் முதலில் பகுதியைத் தீர்மானியுங்கள், விடுதியை அதற்குப் பிறகு தேடுங்கள்.

வண்டி இல்லாமல் அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு அண்ணா சாலையும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களும் வசதியானவை. சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எல்லாம் நடை தூரத்தில் உள்ளன, அறை வாடகையும் மற்ற இடங்களைவிடக் குறைவு. விடியற்காலையிலேயே ஹாரன் சத்தம் தொடங்கிவிடும் என்பதால், அமைதி வேண்டுபவர்கள் இங்கே ஓர் இரவுக்கு மேல் தங்க வேண்டியதில்லை.

அங்கிருந்து சற்று மேலே, மலை விளிம்பை ஒட்டி இருக்கும் கோக்கர்ஸ் வாக் பகுதியையே பெற்றோரை அழைத்து வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வேன். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த இந்த நடைபாதை சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம் கொண்டது, வண்டிகள் வராது. காலை எட்டு மணிக்கு முன்பு போனால் கீழே சமவெளி வரை பார்வை ஓடும். பொழுது ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி கிளம்பி, முதலில் கீழே உள்ள மரங்களின் தலையை மறைத்து, பிறகு கம்பித் தடுப்பின் மேல் நீர்த்துளிகளாகப் படிந்து, கடைசியில் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைக்கூட மங்கலாக்கிவிடும். சூரியன் நம் முதுகுப் பக்கமும் மேகம் எதிரிலுமாக அமையும் அரிய நேரங்களில், நம்முடைய நிழலே வண்ண வளையம் சூடி மேகத்தின் மீது விழுவதையும் இங்கே பார்க்கலாம். இந்தப் பகுதியில் அறை பிடிக்கும்போது விடுதிக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வரை எத்தனை படிகள்? சரிவில் கட்டப்பட்ட கட்டடங்கள் என்பதால், பள்ளத்தாக்கைப் பார்த்த நல்ல அறைகள் பலவும் கீழ்த் தளங்களில்தான் இருக்கும். மூட்டு வலி உள்ள அம்மாவால் ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தப் படிகளை ஏறி இறங்க முடியாது.

ஏரிப் பகுதி எல்லாரும் விரும்புவது, அதற்கேற்ப வாடகையும் கூடுதல். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பியதால் உருவான இந்த ஏரியைச் சுற்றி வரும் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ளது. காலையில் ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் அதை ஒரு சுற்று நடந்து வருவதே கொடைக்கானலில் கிடைக்கும் மிகச் சிறந்த வைத்தியம் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்குப் பிறகு வாடகைச் சைக்கிள்களும் குதிரைகளும் சுற்றுலா வேன்களும் சாலையை நிறைத்துவிடும். படகுத் துறையும் பிரையண்ட் பூங்காவும் உள்ள கிழக்குப் பக்கம் குழந்தைகளோடு வருபவர்களுக்குப் பொருந்தும். மே மாதத்தில் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் அந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஏரியை ஒட்டிய தரைத்தள அறைகளில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மேல் தளமாகவும் வெயில் விழும் ஜன்னல் உள்ளதாகவும் கேட்டு வாங்குவது நல்லது.

நாயுடுபுரமும் செட்டியார் பூங்காவை ஒட்டிய பகுதியும் ஊர்மக்கள் குடியிருக்கும் இடங்கள். நான்கைந்து நாட்கள் தங்கிச் சமைத்துச் சாப்பிட நினைக்கும் குடும்பங்களுக்கு இங்குள்ள வீடுகளும் காட்டேஜ்களும் ஏற்றவை. 1936இல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயில் அருகிலேயே இருப்பதால், காலை வழிபாட்டுக்குப் பெரியவர்கள் தாங்களாகவே போய் வரலாம். வானம் தெளிந்த நாளில் கோயில் பக்கமிருந்து பழனி மலையும் வைகை அணையும் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030 என்பதால் அதை மனத்தில் வைத்துத் திட்டமிடுபவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும்.

மேற்கே அப்சர்வேட்டரி பகுதி ஊரைவிட உயரமானது, ஆகவே குளிரும் கூடுதல். 1899இல் தொடங்கப்பட்ட சூரிய ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் இங்கிருந்துதான். பைன் காடு, குணா குகை, தூண் பாறை ஆகியவற்றுக்குப் போகும் வழியும் இந்தப் பக்கமே. அந்த இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள், வார நாளில் காலையிலேயே கிளம்பி நண்பகலுக்குள் திரும்பிவிட்டால் போதும்.

வட்டக்கானல் இளைஞர்களுக்கான இடம். டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதை மர வேர்களும் வழுக்கும் மண்ணுமாகச் செங்குத்தாக இருக்கும். திரும்பி ஏறும்போதுதான் அதன் கடுமை தெரியும். இதய நோயாளிகளையும் சிறு குழந்தைகளையும் அங்கே தங்க வைக்காதீர்கள்.

குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஊருக்குள் தங்கவே வேண்டியதில்லை. மலைச்சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு கீழே, பழனிச் சாலை பிரியும் பெருமாள்மலைப் பகுதியில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே தங்குமிடங்கள் உள்ளன. உயரம் குறைவு என்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகளிலும் அங்கே நடுக்கம் அவ்வளவு இருக்காது. அதற்கு நேர்மாறாக, கூட்டத்தை முற்றிலும் விட்டு விலக நினைப்பவர்கள் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ போகலாம். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலையும், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களையும் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அவசர மருத்துவத்துக்குக் கொடைக்கானலுக்கே திரும்ப வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எண்ணெய் மசாஜ், நீராவிக் குளியல் ஆகியவற்றுக்காக வருபவர்கள், அந்த வசதி உள்ள விடுதியிலேயே தங்குவது நலம். ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், உடல் சூடேறி வியர்த்த பிறகு மாலைக் காற்றில் வண்டியேறி வேறு இடத்துக்குப் போனால் குளிர் உடலை நடுக்கிவிடும். முற்பகல் பதினொரு மணி வாக்கில் நேரம் வாங்கிக்கொண்டு, முடிந்ததும் வெந்நீரில் குளித்துவிட்டு அறையில் படுத்துவிடுங்கள். வெந்நீர் நாள் முழுதும் வருமா, குறிப்பிட்ட நேரம் மட்டுமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் நீராவிக் குளியலுக்கு முன் தங்கள் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி, கட்டாயம். கிளம்பும் அன்று காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், அறையை உறுதி செய்த கையோடு அதையும் எடுத்துவிடுங்கள். ரயிலில் வருபவர்கள் கொடை ரோடு நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து 80 கிலோமீட்டர் தூரம், வத்தலக்குண்டு வழியாக. பழனியிலிருந்து ஏறும் வழி சுமார் 64 கிலோமீட்டர், வளைவுகள் நெருக்கமானவை. வாந்தி வரும் பழக்கமுள்ள குழந்தைகள் இருந்தால் வத்தலக்குண்டு வழியே வந்து, பெருமாள்மலையில் அரை மணி நேரம் இறங்கி நின்றுவிட்டு மேலே வாருங்கள். திரும்பும்போது ஞாயிறு பிற்பகலைத் தவிர்த்து, விடிந்ததும் கிளம்பிவிட்டால் வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் வண்டிகள் சேர்வதற்குள் கீழே இறங்கிவிடலாம்.