கட்கோ கத்தி: வாங்கும்போதும் விற்கும்போதும் செய்யக்கூடாதவை

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் போதும், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை யாராவது போனில் கூப்பிட்டு, "ஆன்ட்டி, ஒரு டெமோ காட்டணும், நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம், பாத்தா போதும்" என்று கேட்கும். பெரும்பாலும் அது கட்கோ கத்தி. நியூயார்க் மாநிலத்து ஓலியன் ஊரில் இருக்கிற, 1949-ல் தொடங்கிய கம்பெனி. வெக்டர் மார்க்கெட்டிங் என்ற அதன் விற்பனைப் பிரிவுதான் மாணவர்களைச் சேர்க்கிறது.

பலர் செய்வது, பிள்ளைக்காகப் பாவம் பார்த்து, கத்திகளைச் செருகி வைக்கும் மரக்கட்டையோடு முழு செட்டையும் வாங்கிவிடுவது. நம் சமையலுக்கு ஒரு பெரிய கத்தி, ஒரு சின்னக் கத்தி, ஒரு கத்தரிக்கோல் இருந்தால் தாராளம். கத்தி மோசமில்லை; 440ஏ எஃகு எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் கொடுக்கிற விலைக்கு அது சாதாரண ரகம்தான் என்பது என் கருத்து. உதவ வேண்டும் என்று தோன்றினால் ஒன்றே ஒன்று வாங்குங்கள்.

டெமோவைப் பார்த்து மயங்குவது அடுத்தது. தடித்த கயிற்றை அறுத்துக் காட்டுவார்கள், கத்தரிக்கோலால் ஒரு சென்ட் காசை வெட்டுவார்கள். 'டபுள் டி' என்கிற அந்தக் கத்தியின் விளிம்பில் பல் பல்லாகக் குழிவு இருப்பதால் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும். பக்கத்தில் வருஷக்கணக்காகச் சாணை பிடிக்காத நம் வீட்டுக் கத்தியை வைத்தால் அது தோற்கத்தானே செய்யும்? டெமோவுக்கு முன்னால் உங்கள் கத்தியைக் கல்லில் தீட்டி வையுங்கள், பிறகு இரண்டாலும் பழுத்த தக்காளியையும் வெங்காயத்தையும் நறுக்கிப் பாருங்கள்.

கம்பெனி தருகிற ஆயுள் உத்தரவாதம் என்றால் கூர் மழுங்காது என்று அர்த்தமில்லை. டபுள் டி விளிம்பை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டவும் முடியாது, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். தீட்டுவதற்குக் காசில்லை, தபால் செலவு உங்களுடையது.

விற்கப் போகிற பிள்ளைகளுக்கு வருகிறேன். இதைச் சங்கிலி வியாபாரம் என்று சிலர் திட்டுவார்கள்; ஆள் சேர்த்தால்தான் காசு என்கிற வேலை இல்லை இது, அதனால் அந்தத் திட்டு பொருந்தாது. சிக்கல் வேறு இடத்தில். நீங்கள் ஊழியர் இல்லை, சுயதொழில் ஒப்பந்தக்காரர். ஒரு சந்திப்புக்கு இவ்வளவு என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை மணிக்கூலி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போன் போட்டு நேரம் வாங்குவதும் கார் ஓட்டுவதும் அதற்குள்ளேதான் அடங்கும். பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அது தரப்படவில்லை என்று வழக்குகள் போய், பல மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்திருக்கிறார்கள். வரியும் யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். செலவு போக 400 டாலருக்கு மேல் நின்றால் சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதனால் கார் செலவைக் கழித்துக்கொள்ள ஓட்டிய மைல் கணக்கை அன்றன்றே எழுதி வையுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்கக்கூடிய இடம் விசா. எஃப்-1 என்கிற படிப்பு விசாவில் இருக்கிற மாணவரும், ஹெச்-1பி வேலை விசா வைத்திருக்கிற பெற்றோரின் கீழ் ஹெச்-4 குடும்ப விசாவில் இருக்கிற பிள்ளையும் வேலை அனுமதி இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஒப்பந்த வேலைக்கு, வேலை செய்யத் தகுதி உண்டா என்று சரிபார்க்கிற ஐ-9 படிவம் கிடையாது, ஆகவே யாரும் காகிதம் கேட்காமலே சேர்ந்துவிடலாம். கேட்கவில்லை என்பதற்காக அது சட்டப்படி சரி ஆகிவிடாது, விசா நிலையே போய்விடக்கூடும்.

அப்புறம் அந்தப் பட்டியல். டெமோ முடிந்ததும் "உங்க ஃபிரெண்ட்ஸ் நாலஞ்சு பேர் நம்பர் குடுங்க" என்பார்கள். அவர்களைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். "கேட்டுட்டு அனுப்புறேம்பா" என்றால் பிள்ளை கோபித்துக்கொள்ளாது.

வாங்கிவிட்டு மனம் மாறினால், வீட்டில் நடந்த 25 டாலருக்கு மேற்பட்ட விற்பனையை 3 வேலை நாளுக்குள் ரத்து செய்யக் கூட்டாட்சி விதி இடம் தருகிறது. சனிக்கிழமையும் வேலை நாள் கணக்குத்தான். ரத்துப் படிவம் இரண்டு பிரதி விற்பவரே தர வேண்டும். ஆனால் முழுக்க ஆன்லைனிலோ போனிலோ முடிந்த விற்பனைக்கு இந்த விதி செல்லாது. இப்போது ஜூமிலேயே டெமோ காட்டிவிடுவதால், அப்படி வாங்குகிறவர்கள் கார்டு எண்ணைச் சொல்வதற்கு முன்பே கம்பெனியின் திருப்பித் தரும் நிபந்தனையைக் கேட்டுவிடுங்கள்.