கிளெரிக் ஆடப் போகிறீர்களா? முதலில் அந்த நான்கு வரிகளைப் படியுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டில் கிளெரிக்கை (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பாத்திரம்) எடுத்தவர் டிஎம்மோடு (ஆட்டத்தை நடத்துபவர்) வாக்குவாதம் செய்வது தெய்வத்தைப் பற்றி என்று நினைப்பீர்கள். அனேகமாக அது கையைப் பற்றித்தான் இருக்கும். கை காலியாக இருக்கிறதா? இந்த டர்னில் ஏற்கெனவே மந்திரம் போட்டாயிற்றா? முன்பு போட்டது இன்னும் ஓடுகிறதா? எல்லாவற்றுக்கும் விடை மந்திரத்தின் பெயருக்குக் கீழே நான்கு வரிகளில் இருக்கிறது: காஸ்டிங் டைம் (போட ஆகும் நேரம்), ரேஞ்ச் (தூரம்), காம்போனன்ட்ஸ் (போடத் தேவையானவை), ட்யூரேஷன் (எவ்வளவு நேரம் ஓடும்). புதியவர்கள் அதைத் தாண்டி நேரே விளக்கப் பத்திக்குப் போய்விடுவார்கள்.

படி 1: எந்தப் பதிப்பு?

இங்கே சொல்வது எல்லாம் 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள். 2024 புத்தகத்தில் பல இடங்கள் மாறிவிட்டன. உதாரணமாக, அதில் டொமைன் (கிளெரிக்கின் தெய்வத் துறை) கிடைப்பது 3-ஆம் லெவலில். ஸ்பிரிச்சுவல் வெப்பன் மந்திரத்துக்கு கான்சன்ட்ரேஷன் (கவனத்தை விடாமல் பிடித்திருப்பது) தேவை. மேஜையில் ஒருவர் பழையதும் இன்னொருவர் புதியதும் வைத்திருந்தால் முதல் சண்டை அரக்கனோடு நடக்காது.

படி 2: கணக்கைப் போடுங்கள்

மாதிரிக்கு ஒருவர்: 3-ஆம் லெவல் லைஃப் டொமைன் கிளெரிக், விஸ்டம் என்ற திறன் 16 (அதாவது +3), ஒரு கையில் கதாயுதம், மறு கையில் கேடயம்.

தயார் செய்யும் மந்திரங்கள்: லெவல் 3 + விஸ்டம் 3 = 6. டொமைன் மந்திரங்கள் நான்கும் (பிளெஸ், க்யூர் வூண்ட்ஸ், லெஸ்ஸர் ரெஸ்டரேஷன், ஸ்பிரிச்சுவல் வெப்பன்) இந்த ஆறில் சேராது. எப்போதும் தயாராகவே இருக்கும். க்யூர் வூண்ட்ஸை ஆறில் ஒன்றாக எழுதினால் ஓர் இடம் வீண்.

ஸ்லாட் (ஒரு மந்திரம் போட ஒன்று செலவாகும்): முதல் நிலை மந்திரங்களுக்கு 4, இரண்டாம் நிலைக்கு 2. எந்த ஸ்லாட்டும் ஒரு குறிப்பிட்ட மந்திரத்தோடு கட்டுண்டது அல்ல. நான்கையும் பிளெஸ்ஸுக்கே செலவழிக்கலாம். பிளெஸ் பட்டியலிலிருந்து போய்விடாது. எதிரி மந்திரத்திலிருந்து தப்ப உருட்ட வேண்டிய எண், அதாவது சேவ் டிசி: 8 + 2 (இந்த லெவலின் தேர்ச்சி போனஸ்) + 3 = 13.

படி 3: காம்போனன்ட்ஸ் வரி

இங்கேதான் அதிகம் தடுக்கி விழுவார்கள். வி என்றால் வாயால் சொல்வது, எஸ் என்றால் கையசைப்பது, எம் என்றால் பொருள். கிளெரிக்கின் புனிதச் சின்னத்தைக் கேடயத்தில் பொறித்துக்கொள்ளலாம். விலை குறிப்பிடாத, செலவாகிவிடாத பொருள்களுக்கு அது ஈடாகும். பொருளுக்கான கையே கையசைப்பையும் செய்யலாம் என்பது விதி. அதனால் வி, எஸ், எம் மூன்றும் உள்ள பிளெஸ்ஸைக் கதாயுதமும் கேடயமும் ஏந்தியபடியே போடலாம்.

க்யூர் வூண்ட்ஸில் எம் இல்லை, வி, எஸ் மட்டும்தான். பொருளே இல்லாத மந்திரத்தில் சின்னத்துக்கு வேலை இல்லை. அப்போது ஒரு கை காலியாகவே இருந்தாக வேண்டும். குறைவான காம்போனன்ட் உள்ள மந்திரத்துக்கு அதிகத் தொல்லை. விசித்திரம்தான், ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வழி இது: ஒரு டர்னில் ஒரு பொருளை ஆக்‌ஷன் (டர்னின் முக்கியச் செயல்) செலவில்லாமல் எடுக்கவோ வைக்கவோ செய்யலாம். கதாயுதத்தை இடுப்பில் செருகிவிட்டு மந்திரம் போடுங்கள். அதே டர்னில் இலவசமாகத் திரும்ப எடுக்க முடியாது. எனவே அடுத்த டர்ன் வரை, விலகி ஓடும் எதிரியை அதால் அடிக்கவும் முடியாது. வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் தனித்திறமை) இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. குணப்படுத்தும் இன்னொரு மந்திரமான ஹீலிங் வேர்டுக்கு வி மட்டும் போதும், இரண்டு கையும் நிறைந்திருந்தாலும் வேலை செய்யும். பல டிஎம்கள் இந்த விதியைக் கண்டுகொள்வதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விலை போட்ட பொருளுக்குச் சின்னம் ஈடாகாது. 5-ஆம் லெவலில் வரும், செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபைக்கு 300 தங்கக் காசு மதிப்புள்ள வைரம் வேண்டும்; அது ஒவ்வொரு முறையும் செலவாகும். செத்தவர் செத்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. வைரத்தை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியது அதனால்தான்.

படி 4: காஸ்டிங் டைம் வரி

போனஸ் ஆக்‌ஷனில் (அதற்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) ஒரு மந்திரம் போட்டால், அந்த டர்னில் வேறு மந்திரம் கூடாது. ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) மட்டும் விதிவிலக்கு. வரிசையை மாற்றினாலும் தப்ப முடியாது. போனஸில் போடும் ஹீலிங் வேர்டோடு சேக்ரட் ஃப்ளேம் என்ற கேன்ட்ரிப் சரி. கைடிங் போல்ட் கேன்ட்ரிப் அல்ல, அதைப் போடக் கூடாது.

முதல் ரவுண்டில் கதாயுதத்தைச் செருகிவிட்டு ஸ்பிரிச்சுவல் வெப்பனைப் போடுங்கள், கூடவே சேக்ரட் ஃப்ளேம். இரண்டாம் ரவுண்டில் அந்த ஆயுதம் ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கிறது. அதை 20 அடி நகர்த்தி அடிப்பது போனஸ் ஆக்‌ஷன்தான், ஆனால் மந்திரம் போடுவது ஆகாது. ஆகவே இப்போது கைடிங் போல்ட் தாராளமாகப் போடலாம். "போனஸ் ஆக்‌ஷன்" என்ற சொல்லைப் பார்த்ததுமே பயந்து, பத்து ரவுண்டும் கேன்ட்ரிப்பிலேயே ஓட்டுபவர்கள் உண்டு.

படி 5: ட்யூரேஷன் வரி

கான்சன்ட்ரேஷன் என்று இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றுதான். பிளெஸ் ஓடும்போது ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் போட்டால் பிளெஸ் அணைந்துவிடும். கைடன்ஸ் வெறும் கேன்ட்ரிப் என்று அலட்சியமாகப் போட்டாலும் அதே கதி.

அடி வாங்கினால், கவனம் கலையாமலிருக்க கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ்: 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. 9 புள்ளி சேதம் என்றால் 10. 26 என்றால் 13. மூன்று அம்பு பாய்ந்தால் மூன்று முறை உருட்ட வேண்டும். பிளெஸ் பெறும் மூவரில் உங்களையும் ஒருவராக வைத்தால் இந்தச் சேவுக்கும் 1டி4 (நான்கு முகக் காய் ஒன்று) சேரும்.

ரேஞ்ச் வரியில் தூரம்தான் இருக்கும். யார்மேல் பலிக்கும் என்பதைப் பத்தியின் முதல் வாக்கியம் சொல்லும். ஹோல்ட் பெர்சன் மனித வடிவினர்மேல் மட்டும். ஸோம்பி அந்த வகையில் வராது.

படி 6: மந்திரம் அல்லாதவை

சேனல் டிவினிட்டி (தெய்வ சக்தியை நேரடியாகப் பாய்ச்சும் திறன்) மந்திரம் அல்ல. ஸ்லாட் வேண்டாம், படி 4-இன் தடையும் இல்லை. ஹீலிங் வேர்டு போட்ட அதே டர்னில், சேனல் டிவினிட்டியின் ஒரு வகையான டர்ன் அன்டெட் (பிணப்படையை விரட்டுவது) செய்யலாம். 3-ஆம் லெவலில், ஓய்வுக்கு ஒரு முறை. 30 அடிக்குள் உங்களைப் பார்க்கவோ கேட்கவோ முடிகிற பிணப்படை விஸ்டம் சேவில் தோற்றால் ஒரு நிமிடம் ஓடும். கெடுப்பது பெரும்பாலும் நண்பர்கள்தான்: ஓடும் எலும்புக்கூட்டை அம்பால் காயப்படுத்தினால் அதற்கு மட்டும் பயம் தெளிந்துவிடும்.

லைஃப் டொமைனின் டிசைபிள் ஆஃப் லைஃப், "முதல் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட மந்திரத்தால்" குணப்படுத்தும்போது 2 + மந்திர நிலை கூட்டும். முதல் நிலை க்யூர் வூண்ட்ஸ்: 1டி8 + 3 + 3. பிரிசர்வ் லைஃப் சேனல் டிவினிட்டி என்பதால் அதற்கு இந்தக் கூடுதல் கிடையாது. வேறு வழியில் குட்பெரி (குணப்படுத்தும் பழங்களை உண்டாக்கும் மந்திரம்) கற்ற லைஃப் கிளெரிக்குக்கு ஒவ்வொரு பழமும் 1-க்குப் பதில் 4 புள்ளி தரும். பத்துப் பழம், 40 புள்ளி. அதிகாரபூர்வ விளக்கமே இதை ஒப்புக்கொள்கிறது. டிஎம் முகம் சுளித்தால் வியப்பில்லை.

பாலடினுக்கும் (புனிதப் போர்வீரர்) இதே படிப்பு முறைதான். அவரது கூடுதல் சேதத் திறனான டிவைன் ஸ்மைட் மந்திரம் அல்ல. அடி பட்டதா என்று பார்த்த பிறகே ஸ்லாட்டைச் செலவிடலாம். முதல் நிலைக்கு 2டி8, பிணங்களுக்கும் ஃபீண்டுகளுக்கும் (நரகப் பேய்கள்) இன்னொரு டி8. தாக்கும் உருட்டலில் இயல்பான 20 விழுந்தால் இந்தக் காய்களும் இரட்டிக்கும், அதனால் பெரிய ஸ்லாட்டை அதற்காக வைத்திருப்பது லாபம். விதியில் உள்ள சொல் "மெலீ ஆயுதத் தாக்குதல்" (அருகில் நின்று அடிப்பது) என்பதால், எறிந்த ஜாவலினுக்கு (எறி ஈட்டி) ஸ்மைட் கிடையாது.