கொண்டை சின்னதாக இருந்தால் குளிர் தாங்குமா? கோழி இனவிருத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் குஞ்சு பொரித்து, மலையிலுள்ள ஊட்டி, கோத்தகிரி ஊர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கொண்டையைத்தான் பார்க்கிறார்கள். அது பாதிதான் சரி. கொண்டையைத்தான் பூ என்கிறோம். உறைபனி விழும் ஊரில், ஒற்றைத் தகடாக உயர்ந்து நிற்கும் கத்திப் பூவின் நுனி கருத்து உதிரும். தலையோடு படிந்த பூவுக்கு அந்த ஆபத்து குறைவு. கனடாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு துறவி சாந்தெக்ளேர் இனத்தை உருவாக்கத் தொடங்கியதும் இதை மனதில் வைத்துத்தான்.

பெரிய தவறு, முதல் தலைமுறையைப் பார்த்து ஏமாறுவது. அசில் என்னும் சண்டைக் கோழி இனச் சேவலின் மூன்று வரிசைப் பட்டாணிப் பூ ஓங்கு பண்பு; பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும். சுத்தமான, அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தப் பண்பை வாங்கிய சேவலைக் கத்திப் பூ பெட்டையோடு விட்டால் குஞ்செல்லாம் பட்டாணிப் பூவாகவே வரும். 'இனம் நிலைத்துவிட்டது' என்று அவற்றையே ஒன்றோடொன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று கத்திப் பூவோடு நிற்கும். அதைக் கழித்தாலும் போதாது. மீதி மூன்றில் இரண்டு அந்தப் பண்பை உள்ளே சுமக்கும். சந்தேகமான சேவலைக் கத்திப் பூ பெட்டைகளோடு விட்டு, பத்துப் பன்னிரண்டு குஞ்சாவது பாருங்கள். ஒன்று கத்திப் பூவாக வந்தாலும் சேவல் சுத்தமில்லை. குஞ்சை உள்ளங்கையில் வைத்து மூக்குக்கு மேலே கவனியுங்கள்: மெல்லிய ஒற்றைக் கோடு என்றால் கத்திப் பூ, அகலமாகச் சொரசொரப்பாக இருந்தால் பட்டாணி.

தலையோடு படிந்து அகன்றிருக்கும் ரோஜாப் பூவில் கதை வேறு. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வாங்கிய சேவல்களுக்கு விந்தின் வேகம் குறைவு, கூமுட்டை அதிகம். அங்கே முழுச் சுத்தம் வேண்டும் என்று அலைய வேண்டாம்.

அப்புறம், பூவை மட்டும் காட்டி 'குளிர் தாங்கும்' என்று விற்காதீர்கள். உடல் பருமன், அடி இறகின் அடர்த்தி எல்லாம் சேர்ந்ததுதான் குளிர் தாங்கும் திறன். கடலூரில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே எந்தக் கோழி குளிரில் நிற்கும் என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? பூவை இங்கே நிலைப்படுத்தலாம். குளிர்த் தேர்வை மலையில்தான் நடத்த வேண்டும். அங்கே மார்கழி, தை தாண்டியும் முட்டை விட்ட பெட்டைகளின் வழியைப் பெருக்குங்கள்.

உள்ளூர் விற்பனைக்கு என்றால் பூவைச் சிறிதாக்கவே வேண்டாம். கத்திரி வெயிலில் உடம்புச் சூட்டை வெளியேற்றுவதில் பூவுக்கும் தாடிக்கும் பங்கு உண்டு. கிராப்புக் கோழியின் வெற்றுக் கழுத்தும் அதே வேலையைச் செய்கிறது.

மழைக்காலத்தில் கொட்டகையைத் தார்ப்பாயால் முழுக்க மூடுகிற பழக்கத்தை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரம் தங்கினால் படிந்த பூவுக்கும் பனிக்கடி வரும். கூரையை ஒட்டிக் காற்று போக இடம் விடுங்கள். காலையில் குனிந்து உள்ளே போகும்போது எச்ச நெடியில் கண் எரிந்தால், விட்ட இடம் போதவில்லை.