'மெனு'வைத் தமிழாக்கப் போகிறீர்களா?

போன வாரம் ஒரு தம்பி திருத்தித் தரச் சொல்லி உணவக அட்டை ஒன்றை அனுப்பினார். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு. அதில் 'குழந்தைகள் பட்டியல் – ரூ. 250' என்று ஒரு வரி. தொழிலுக்கு வந்த புதிதில் நான் போட்ட அதே வரி! ஒற்றுப்பிழைகளை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

பிரெஞ்சு மெனுவும் நம் மெனுவும் ஒன்றல்ல

நமக்கு மெனு என்றால் உட்கார்ந்ததும் கையில் கொடுக்கிற அட்டை. இது ஆங்கிலம் வழியாக வந்த பொருள். பிரான்ஸில் அந்த அட்டையின் பெயர் 'கார்த்'. அங்கே உணவகத்தில் 'மெனு' என்றால் பெரும்பாலும் ஒரே விலைக்கு முதல் தட்டு, முக்கிய உணவு, இனிப்பு என வரிசையாக வரும் முழுச் சாப்பாடு. நம்மூர் கணக்கில் அது மீல்ஸ். அட்டையைப் பார்த்து வேண்டியதை மட்டும் தனித்தனியாகக் கேட்டால் அது 'ஆ லா கார்த்'. ஆக, 'மெனு ஆன்ஃபான்' என்பது குழந்தைகளுக்கான மீல்ஸ், பட்டியல் இல்லை.

இது தெரியாமல் புதுச்சேரியில் ஒரு சிறிய உணவகத்துக்கு 'குழந்தைகள் பட்டியல்' என்று எழுதிக் கொடுத்தேன். கீழே சூப், கோழி வறுவல், ஐஸ்கிரீம். ஓரத்தில் ஒரே ஒரு விலை. ஒரு குடும்பம் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் மட்டும் கேட்டிருக்கிறது. பில்லில் முழுத் தொகை. "பட்டியல்னுதானே போட்டிருக்கு, மூணையுமா கேட்டோம்?" என்று அவர்கள் சண்டை பிடித்ததில் நியாயம் இருந்தது. 300 அட்டைகளையும் திரும்ப அச்சடித்தார்கள். அந்தச் செலவு என் கூலியில் கழிந்தது. கூலியை விடுங்கள், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

('ஆந்த்ரே'வும் இதே ரகம். பிரான்ஸில் முதல் தட்டு, அமெரிக்காவில் முக்கிய உணவு.)

வேரைப் பொருளாக்குவது

மெனுவின் வேர் லத்தீனில் 'மினூட்டுஸ்', சிறிதாக்கப்பட்டது. ஆங்கில 'மினிட்'டும் அங்கிருந்து வந்ததுதான். பிரெஞ்சில் 'மெனு' இன்றும் சிறு, பொடி என்ற பொருளில் புழங்குகிறது. சமையல் குறிப்பில் 'ஆஷே மெனு' என்றிருந்தால் பொடியாக நறுக்கியது. சில்லறைக் காசு 'மெனு மொனே'. விலாவாரியாகச் சொல்வது 'பார் ல மெனு'. விருந்தில் என்னென்ன வரும் என்று ஒன்றுவிடாமல் எழுதிய தாளுக்கும் அந்தப் பெயரே நின்று, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது.

இதைப் படித்த ஜோரில் ஒரு கோப்பில் 'நுண்பட்டியல்' என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் கேட்டார்: "எறும்புக்கா சார்?"

மென்று தின்பதால் மெனு

இல்லை.

பட்டியும் பட்டியலும்

கட்டற்ற மென்பொருள் தமிழாக்கங்களில் மெனுவுக்குப் 'பட்டி' என்று பார்த்திருப்பீர்கள். ஆட்டுப்பட்டிதானே என்று நானும் சிரித்தவன்தான். அப்புறம் மெனு, லிஸ்ட் இரண்டுக்கும் 'பட்டியல்' என்றே போட்டதில், 'பட்டியலைத் திறந்து பட்டியலைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு வரி வந்து நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. இப்போது வாடிக்கையாளர் வேறு சொல் கேட்காதவரை 'மெனு' என்றே விட்டுவிடுகிறேன்.