சர்வீஸுக்குப் பிறகு திணறிய செயின்சா

சர்வீஸ் முடிந்து வந்த செயின்சா (மரம் அறுக்கும் இயந்திரம்) முன்பைவிட மோசமாக ஓடியது. வேக விசையைத் தொடாமல் ஐடிலில் விட்டால் திடீரென அலறும். விசையை அழுத்தினால் முக்கி அணைந்துவிடும். பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் புதிது. நானும் குறைந்த வேகத்தில் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் 'எல்' திருகோடு மல்லுக்கட்டி அரை நாளை வீணாக்கினேன்.

பக்கவாட்டில் சாய்த்தபோது வேகம் மாறியது. எங்கோ காற்றுக் கசிவு! பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால், அதற்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் விளிம்பு மடிந்து உட்கார்ந்திருந்தது. அந்த இடுக்கில் காற்று நுழைந்து கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது. இதுபோன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடுதான் போகிறது; அதுவும் குறைந்துவிடும். இப்படியே மரம் அறுத்திருந்தால் பிஸ்டன் கீறியிருக்கும்.

விளிம்பைச் சரியாகப் பொருத்தினேன். 'எல்' திருகை மெதுவாக முழுக்க மூடி, கையேட்டில் இருந்தபடி 1 சுற்று திறந்தேன். விசையைத் தொட்டதும் தயங்காமல் சீறியது.